சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், தம்பி

வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவில் பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை பார்ப்பதற்கான ரீஜனல் விசாக்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு, அடிலெய்டில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டாகத் தொழில் செய்யும் நம் பத்தியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: அக்கா, சொந்த ஊர் பொள்ளாச்சி. அடிலெய்டில் இரண்டு வருடம் ஆட்டோமோட்டிவ் படித்து முடித்தேன். இப்போது 485 விசாவில் மவுன்ட் கேம்பியரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு மாதமாக மெக்கானிக் வேலை. வயது 27, கல்யாணம் ஆகவில்லை. படிக்க வருவதற்கு முன் ஊரில் டிராக்டர் சர்வீஸ் சென்டரில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். முதலாளி தங்கமான மனுஷன். "நானே 494 ஸ்பான்சர் பண்றேன், கவலைய விடு" என்கிறார். ரூம்மேட் "491 போடு" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— மவுன்ட் கேம்பியர் வாசகர்

பதில்: 494 முதலாளி ஸ்பான்சர் செய்யும் ரீஜனல் விசா; 491 புள்ளிக் கணக்கில், மாநில அரசின் நாமினேஷனோடு கிடைப்பது. இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் தம்பி. முதலில் காலண்டரைப் பார்ப்போம். தொழிற்கல்வி முடித்தவர்களுக்குத் தரும் 485 விசா அதிகபட்சம் 18 மாதம்தான். அதில் நாலு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொரு பக்கம் உங்கள் தொழில் திறனை மதிப்பிடும் டிஆர்ஏ. அவர்களுடைய ஜாப் ரெடி திட்டத்தில் முதல் படி தற்காலிக மதிப்பீடு. 485 வாங்கும்போதே அதைத் தாண்டியிருப்பீர்கள். அடுத்ததுதான் பெரிய படி: உங்கள் தொழிலில் குறைந்தது 12 மாதமும், மொத்தம் 1,725 மணி நேரமும் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். வாரம் 38 மணி என்றால் 45 வாரத்துக்கு மேல் ஆகும். இதோடு ஒரு மதிப்பீட்டாளர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்ப்பார். கடைசியாக இறுதி மதிப்பீடு. இத்தனையும் மிச்சமிருக்கும் 14 மாதத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் கல்யாணம் காதுகுத்து என்று இரண்டு மாதம் ஊருக்குப் போனால் கணக்கு உதைக்கும். எனவே உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத வரி, "டிஆர்ஏவில் இந்த வேலையைப் பதிவு செய்துவிட்டேன்" என்பதுதான். பதிவு செய்யவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் செய்யுங்கள்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது. நாலு மாதமும் ஆயில் மாற்றுவதும் டயர் மாட்டுவதுமாகவே போயிருந்தால், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மதிப்பீட்டாளர் தலையாட்ட மாட்டார். டயர் ஃபிட்டர் இங்கே தனித் தொழில், தரமும் வேறு. இன்ஜின், பிரேக், கிளட்ச், எலெக்ட்ரிகல் என்று எல்லாவற்றிலும் கை வைக்கக் கேளுங்கள். எந்த வண்டியில் என்ன பழுது பார்த்தீர்கள் என்பதை ஜாப் கார்டோடு வாராவாரம் குறித்து வையுங்கள். வருடம் முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்து எழுதுகிற டைரி, படிக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி 494. அதற்கு அந்தத் தொழிலில் மூன்று வருட முழுநேர அனுபவம் வேண்டும். பொள்ளாச்சி இரண்டு வருடத்தையும் இங்கே ஒரு வருடத்தையும் சேர்த்தால் எட்டலாம். ஆனால் டிராக்டர் சர்வீஸ் சென்டரிலிருந்து சம்பளம், வேலை விவரம், தேதி மூன்றும் உள்ள கடிதமும், அதற்குப் பொருந்தும் பேங்க் ஸ்டேட்மென்டும் கிடைக்குமா? "அங்க எல்லாம் கையிலதான் குடுப்பாங்க" என்றால் அந்த இரண்டு வருடம் காகிதத்தில் இல்லை. முதலாளி பக்கமும் வேலை இருக்கிறது. அவர் ஸ்பான்சராக அங்கீகாரம் பெற வேண்டும். வட்டார சான்றளிப்பு அமைப்பின் கருத்துக் கடிதம் வாங்க வேண்டும். பயிற்சி நிதிக்கான லெவியைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். சந்தைச் சம்பளம் தர வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஒரு தரைமட்டமும் உண்டு: 2025 ஜூலை முதல் வருடத்துக்கு 76,515 டாலர்; சூப்பர் என்ற ஓய்வூதியப் பங்களிப்பு தனி. ஒவ்வொரு ஜூலையிலும் அது ஏறும். இவ்வளவும் தெரிந்துதான் "கவலைய விடு" என்றாரா என்று ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நல்ல முதலாளிகளுக்கு இது தெரியாது.

494இன் இன்னொரு முகம், அது அந்த முதலாளியோடு கட்டிப்போடும் விசா. அவர் கடையை விற்றுவிட்டு கோல்ட் கோஸ்ட் போய்விட்டால் நீங்கள் புதிதாக ஆள் தேட வேண்டும். 491 அப்படியில்லை. மாநில அரசு உங்களை நாமினேட் செய்கிறது. ஒர்க்‌ஷாப்பை மாற்றினாலும் விசா போகாது.

உங்கள் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 30. டிரேட் தகுதிக்கு 10. ஆஸ்திரேலியாவில் இரண்டு கல்வியாண்டு படித்ததற்கு 5. படித்தது அடிலெய்டில் என்பதால் ரீஜனல் படிப்புக்கு இன்னொரு 5. தனியாள் என்பதற்கு 10. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நாலு பிரிவிலும் 7 எடுத்திருந்தால் 10. ஆக 70. மாநில நாமினேஷனுக்கு 15 சேர்த்தால் 85. ஆங்கிலத்தில் 6-லேயே நின்றிருந்தால் 75. சட்டப்படி 65 போதும். ஆனால் 65 என்பது வாசல் கதவு மட்டும். உள்ளே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அந்த வருடத்து ஒதுக்கீட்டைப் பொறுத்தது. மாநிலங்கள் இன்று எதை அதிகம் மதிக்கின்றன என்றால், ஏற்கெனவே அங்கே குடியிருந்து, தன் தொழிலிலேயே வேலை பார்க்கும் ஆளை. நீங்கள் அந்த ஆள். இதுதான் உங்கள் பலம்.

என் யோசனை: 491ஐ இலக்காக வையுங்கள். 485 முடிவதற்குள் விண்ணப்பிக்க அழைப்பு வராவிட்டால், பாலமாக முதலாளியிடம் 482 என்ற தற்காலிக வேலை விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப் கேளுங்கள். 2024 டிசம்பரில் மாற்றியமைத்த அந்த விசாவுக்கு ஒரு வருட அனுபவம் போதும். நல்ல முதலாளியின் நல்ல மனதை அந்த இடத்தில் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் மகன் அடிலெய்டில் இருக்கிறான். 491க்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறானாம். இங்கே நல்ல இடத்தில் பெண் அமைந்திருக்கிறது. தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்றால் "இப்ப கல்யாணம் பண்ணா பாயின்ட் போயிரும்மா" என்கிறான். இப்படியும் ஒரு சட்டம் இருக்கிறதா, இல்லை கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறானா?
— பாளையங்கோட்டை வாசகி

பதில்: இரண்டுமே இருக்கலாம் அம்மா. ஆனால் சட்டம் இருப்பது உண்மை. தனியாளுக்கு 10 புள்ளி. கல்யாணமானவருக்கு, மனைவியும் 45 வயதுக்குள் இருந்து, தகுந்த தொழிலில் ஸ்கில்ஸ் அசெஸ்மென்டும் ஆங்கிலத் தேர்ச்சியும் வைத்திருந்தால் அதே 10. ஆங்கிலத் தேர்ச்சி மட்டும் இருந்தால் 5. எதுவும் இல்லை என்றால் பூஜ்யம். பார்ப்பது அழைப்பு வரும் நாளில் உள்ள நிலையை.

ஆகவே பெண் வீட்டாரிடம் ஜாதகத்தோடு ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணையும் கேட்கலாம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டுப் பெண் பார்க்கும் சடங்குக்கு உட்கார்ந்த ஒரு நர்ஸ் பெண்ணை எனக்குத் தெரியும். மகனுக்கு எத்தனை புள்ளி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 5 குறைந்தாலும் நிற்கும் என்றால் தையிலேயே நடத்துங்கள். விளிம்பில் இருக்கிறான் என்றால், விசா கிடைத்த பிறகு கல்யாணம் செய்து மருமகளை அதே 491இல் பின்னால் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒன்றே ஒன்று: கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு விண்ணப்பத்தில் தனியாள் என்று மட்டும் எழுத வேண்டாம். முகூர்த்தப் பத்திரிகையை ஃபேஸ்புக்கில் போடுகிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

கேள்வி: பெயர், ஊர் வேண்டாம். ஒரு ரீஜனல் டவுனில் இந்திய ரெஸ்டாரன்ட்டில் 482இல் குக். முதலாளி நம்ம ஆள்தான். 494 போட்டுத் தருவதாகச் சொல்லி, அக்கவுன்ட்டில் போடும் சம்பளத்திலிருந்து வாரம் 300 டாலரை கேஷாகத் திருப்பி வாங்குகிறார். "லாயர் செலவு, லெவி எல்லாம் யார் கட்டுறது?" என்கிறார். வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். வெளியே சொன்னால் விசாவை கேன்சல் செய்துவிடுவேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: வாரம் 300 என்றால் வருடத்துக்கு 15,600 டாலர். அந்தப் பணத்துக்கும் சேர்த்து வரி கட்டுவது நீங்கள்.

முதலில் பயத்தை எடுத்துவிடுகிறேன். முதலாளிக்கு உங்கள் விசாவை கேன்சல் செய்யும் அதிகாரம் கிடையாது. அது உள்துறை அமைச்சகத்தின் வேலை. அவரால் முடிந்தது ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொள்வது. அப்படி நடந்தாலும் 482இல் உள்ளவருக்கு அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. அந்த இடைவெளியில் வேறு வேலையும் பார்க்கலாம். முன்பு 60 நாள்தான் இருந்தது. 2024 ஜூலையில் மாற்றினார்கள். உங்கள் முதலாளி இன்னும் அந்தப் பழைய கணக்கை வைத்தே மிரட்டிக்கொண்டிருக்கக்கூடும். பாஸ்போர்ட் உங்களுடையது. அதை அவர் பிடித்து வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை, கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சட்டம். லெவியைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. அதற்கும் மேலே, ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்தே குற்றம். இதில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு, மறைக்க மாட்டேன்: கொடுப்பவரும் சட்டத்தின் பிடிக்குள் வருகிறார், அவருடைய விசாவுக்கும் ஆபத்து வரலாம். விரும்பிப் போய் "இவ்வளவு தர்றேன், ஒரு வேலை காட்டுங்க" என்று பேரம் பேசியவரும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு மிரட்டப்படுபவரும் ஒன்றல்ல. உங்கள் கடிதம் இரண்டாவது வகை. 2024 ஜூலை 1 முதல், விசா நிலையைக் காட்டித் தொழிலாளியை மிரட்டி வேலை வாங்குவதே தனிக் குற்றம். சுரண்டப்பட்டவர் தன் வழக்கை நடத்த இங்கேயே தங்கிக்கொள்ள ஒர்க்பிளேஸ் ஜஸ்டிஸ் விசா என்று ஒரு முன்னோடித் திட்டமும் அதே மாதம் தொடங்கியது.

எனவே வரிசை முக்கியம். முதலாளியிடம் சண்டைக்குப் போவதற்கு முன், தொழிலாளர் புகார்களைக் கேட்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க்குக்கு போன் போடுவதற்கும் முன், ஒரு வக்கீலைப் பாருங்கள். பணமில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச சமூக சட்ட மையங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறினால் 131 450 என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் கேளுங்கள். அதற்குள் கையில் சேர்க்க வேண்டியவை: சம்பளச் சீட்டுகள், பேங்க் ஸ்டேட்மென்ட் (சம்பளம் ஏறிய அடுத்த நாள் 300 டாலர் ஏடிஎம்மில் எடுத்த வரிசை அதில் அப்படியே தெரியும்), ரோஸ்டர் படங்கள், "இந்த வாரம் காசு எங்க?" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்ஆப். போன் தொலைந்தால் எல்லாம் போகும்; வேறொரு இடத்திலும் சேமியுங்கள்.

"நம்ம ஆள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஆபீஸுக்கு இந்த மாதிரிக் கதையோடு வருபவர்களில் அநேகம் பேர் இதே இரண்டு வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறார்கள். வெள்ளைக்கார முதலாளி பே-ஸ்லிப் தராவிட்டால் மறுநாளே கேட்கும் நம் பையன்கள், ஊர்க்காரர் என்றால் வருடக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை.

இந்தக் கடையில் 494க்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. சமையல்காரருக்கு ஆள் பற்றாக்குறை உள்ள ஊர்கள் இங்கே நிறைய. வேறொரு சமையலறையில், 38 மணி நேரத்துக்கு முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு இதே பாதையில் போகலாம்.

கேள்வி: 491இல் ஜீலாங்கில் வீடு எடுத்துக்கொண்டு, மெல்பர்னுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வரலாமா? ஒரு மணி நேரம்தானே?
— திருச்சி வாசகர்

பதில்: கூடாது. 8579 என்ற நிபந்தனை, குடியிருப்பது, வேலை, படிப்பு மூன்றும் ரீஜனல் பகுதிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஜீலாங் ரீஜனல், மெல்பர்ன் இல்லை. புறநகரான வெரிபியும் மெல்பர்ன் கணக்குதான்.

ரீஜனல் என்றதும் புழுதி பறக்கும் கிராமம் என்று நினைக்காதீர்கள். 2019 நவம்பருக்குப் பிறகு சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் பெருநகரங்கள் தவிர மற்ற எல்லாமே ரீஜனல். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட், கோல்ட் கோஸ்ட், நியூகாசில் எல்லாம் இதில் அடக்கம். சிட்னித் தமிழர்கள் சனிக்கிழமை புளியோதரைக்குப் போகிற ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலின் அஞ்சல் எண் 2508; அதுவும் ரீஜனல் பட்டியலில்தான். பெருமாளுக்கு நிபந்தனை மீறல் கிடையாது, பக்தர்களும் சிட்னிக்குப் பொழுதுபோக்காகப் போய் வரலாம். வேலைக்குத்தான் தடை.

கேள்வி: கணவர் அக்கவுன்டன்டாக 491 வாங்கி வாகா வாகாவுக்கு வந்தோம். ஒரு வருடமாக அவருக்கு அவர் தொழிலில் வேலை கிடைக்கவில்லை. வேர்ஹவுஸில் வேலை பார்க்கிறார். பிஆர் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எனக்கு சிட்னி கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை வந்திருக்கிறது. சேரலாமா? இன்னொன்று, நான் கர்ப்பமாக இருக்கிறேன். அடுத்த வருடம் வருமானம் குறையும்.
— வாகா வாகா வாசகி

பதில்: வாழ்த்துகள் அம்மா. நல்ல செய்தியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்தே தொடங்குகிறேன். நிரந்தரமாகத் தங்குவதற்கான உங்கள் பிஆர் விசாவான 191க்குக் குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று எதுவும் இல்லை. ஆரம்பத்தில் 53,900 டாலர் என்ற எண் எல்லோர் வாயிலும் புழங்கியது. அந்தப் பழைய எண்ணைத்தான் இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கேட்பது, 491இல் குறைந்தது மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும், நிபந்தனைகளை மீறியிருக்கக் கூடாது, முதன்மை விண்ணப்பதாரரின் மூன்று நிதியாண்டுகளுக்கான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வேண்டும். அதாவது உங்கள் கணவருடையது. வேர்ஹவுஸ் சம்பளத்துக்கும் அந்த நோட்டீஸ் வரும். 191இல் வயது வரம்பில்லை, புள்ளிக் கணக்கில்லை, நாமினேட் ஆன தொழிலிலேயே வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. சம்பளத்தை கேஷில் வாங்காமல், ஜூலை வந்ததும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் போதும். அக்கவுன்டன்டுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விசாவுக்காக இல்லாவிட்டாலும், அவருக்காகச் சொல்கிறேன்: வாகாவில் வேலை இல்லை என்றால் ஆல்பரி, ஆரஞ்ச், டப்போ என்று தேடட்டும். நாமினேட் செய்த மாநிலத்தை விட்டு நகர்வதாக இருந்தால் மட்டும் முதலில் அந்த மாநிலத்துக்கு எழுதிக் கேளுங்கள். கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது.

உங்கள் வேலை: 8579 உங்களுக்கும் பொருந்தும். கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைவிட, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதே முக்கியம். ஒப்பந்தத்தில் "பணியிடம்: வாகா வாகா" என்று எழுத்தில் வாங்குங்கள். "வாரம் ஒருநாள் சிட்னி ஆபீஸுக்கு வரணும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரசவச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 491 குடும்பங்களுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உண்டு. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே பதியுங்கள்.

கேள்வி: நான் டார்வினில் வேலை செய்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். தமிழ்ச் சோதனை எழுதினால் 5 புள்ளி என்கிறார்களே, உண்மையோ? யாழ்ப்பாணத் தமிழ் சரிவருமோ?

பதில்: உண்மைதான். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வில் தமிழும் இருக்கிறது. எழுத்து இல்லை, பேச்சு மட்டும். ஒரு ஆங்கிலக்காரரும் ஒரு தமிழரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டு இருபக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29 குறையக் கூடாது. யாழ்ப்பாணத் தமிழுக்கு என்ன குறை? வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும் போதாது என்பதுதான் எல்லோருக்குமான சிக்கல். வாடகைத் தகராறு, காப்புறுதி, நீதிமன்றம், மருத்துவமனை என்று வரும். ஒரு துண்டு 35 சொல் வரை நீளும். எண்ணும் தேதியும் குறித்துக்கொள்ளப் பழகுங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு கன்சல்டன்சி, 12 லட்சம் கட்டினால் குயின்ஸ்லாந்தில் ரீஜனல் வேலைக் கடிதமும் 494-ம் உறுதி என்கிறது. மகன் பி.காம்., அனுபவம் இல்லை. "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் நாங்களே ரெடி பண்ணிடுவோம்" என்கிறார்கள். முன்பணம் 50,000 கொடுத்துவிட்டேன்.
— அம்பத்தூர் வாசகர்

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். அனுபவமில்லாதவருக்கு 494 கிடையாது, மேலே சொன்ன மூன்று வருடம் கட்டாயம். "உறுதி" என்று சொல்லும் உரிமை எந்த ஏஜென்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. போலி அனுபவக் கடிதம் பிடிபட்டால் 4020 என்ற விதியில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மூன்று வருடத்துக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகும். மாட்டுவது அவர்கள் இல்லை, உங்கள் மகன்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆஸ்திரேலிய விசா ஆலோசனை தருபவர் என்றால் மைக்ரேஷன் ஏஜென்டின் பதிவு எண்ணான ஏழு இலக்க எம்ஏஆர்என்னைக் கேட்டு, ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் ஓமாரா அமைப்பின் பதிவேட்டில் சரிபாருங்கள். இரண்டும் இல்லை என்றால் முன்பணத்துக்கான ரசீது, வாட்ஸ்ஆப், ஜிபே விவரத்தோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ரசீது தரவில்லை என்றால், "நான் கொடுத்த 50,000 கிடைத்ததா?" என்று இன்றே ஒரு மெசேஜ் அனுப்பிப் பதிலை வாங்கி வையுங்கள்.